ஸ்டீல் மில்லிங்: கூலன்ட் விட்டால் இன்சர்ட் வெடிக்கிறது, காற்று மட்டும் போதுமா?

கேள்வி

வணக்கம். விஎம்சி (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) ஓட்ட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் முழுக்க அலுமினியம். கடந்த இரண்டு மாதமாகத்தான் ஸ்டீல் வேலை கைக்கு வந்திருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடி வாங்குகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஜாப் சி45 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) பிளாக். 200 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம். மேல் முகத்தை 63 மி.மீ. ஃபேஸ் மில்லில் எடுக்கிறேன். அதில் ஐந்து கார்பைடு இன்சர்ட் (கழற்றி மாற்றும் வெட்டு முனை), கோட்டிங் உள்ளவை. 1000 ஆர்பிஎம், ஃபீட் நிமிடத்துக்கு 750 மி.மீ., ஒரு அடுக்குக்கு 2 மி.மீ. ஆழம், மொத்தம் மூன்று அடுக்கு. ஒரு பிளாக்குக்கு மூன்று நிமிடம் ஆகிறது. கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) இரண்டு குழாயிலும் முழுதாகத் திறந்துதான் ஓட்டுகிறேன். முதல் மூன்று பிளாக் அருமையாக வருகிறது. நாலாவதில் சத்தம் மாறுகிறது. ஆறு ஏழுக்குள் முகத்தில் கோடு விழ ஆரம்பிக்கிறது.

நிறுத்தி இன்சர்ட்டைக் கழற்றிப் பார்த்தால் தேய்ந்த மாதிரியே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெட்டு முனைக்குக் குறுக்கே, ஏறக்குறைய சம இடைவெளியில், மயிரிழை போல ஐந்தாறு விரிசல். சீப்பின் பல் மாதிரி இருக்கிறது. இரண்டு விரிசலுக்கு நடுவில் இருந்த துண்டு ஒன்று பெயர்ந்தே போயிருந்தது.

இன்சர்ட் டப்பாவைப் படித்தால் இந்தக் கிரேடை ஸ்டீலில் உலர்வாக ஓட்டச் சொல்லிப் போட்டிருக்கிறது. எங்கள் ஃபோர்மேன் "கூலன்ட் இல்லாமல் ஸ்டீலில் கை வைக்காதே" என்கிறார். எனக்கு மெஷின் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். காரணம் தெரியாமல் அவர் பேச்சை மீற எனக்கு மனமில்லை. ஒருமுறை அவர் அனுமதியோடே கூலன்ட்டை நிறுத்திப் பார்த்தேன். சிப் (வெட்டில் உதிரும் சீவல்) எல்லாம் கருநீலமாகப் பறந்தது. டூல் எரிந்துவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று. அதே பிளாக்கில் 25 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பாக்கெட் (குழி). 10 மி.மீ. சாலிட் கார்பைடு எண்ட்மில், நாலு பல். அதிலும் கூலன்ட்தான். இரண்டு டூல் மூலை உடைந்துவிட்டது. மெஷினில் காற்று நாசில் ஒன்று இருக்கிறது, இதுவரை ஜாப்பைச் சுத்தம் செய்யத்தான் பயன்பட்டது. அதை வெட்டும்போது திறந்து வைத்து ஓட்டலாமா? கூலன்ட் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

முதல் பதில்

தம்பி, கழற்றிப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. பலர் இன்சர்ட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த பிளாக்கை ஏற்றிவிடுவார்கள். உங்கள் கண்ணில் பட்டது வெப்ப விரிசல். தேய்மானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 1000 ஆர்பிஎம் என்றால் கட்டர் நொடிக்கு 16, 17 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இன்சர்ட் ஸ்டீலுக்குள் நுழைகிறது, நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடாகிறது, வெளியே வருகிறது. வெளியே வந்த அடுத்த கணமே அதன் தலையில் கூலன்ட் கொட்டுகிறது. மேல்தோல் சட்டென்று சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் சூடான பகுதி அதை விடுவதில்லை. தோல் இழுபடுகிறது. கார்பைடு எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. இது நிமிடத்துக்கு ஆயிரம் தடவை. ஒரு பிளாக் முடிவதற்குள் மூவாயிரம் தடவை. அந்தச் சீப்புப் பல் அப்படித்தான் விழுகிறது. பல்லுக்கு நடுவில் உள்ள துண்டு கழன்றதும் உங்களுக்குச் சத்தம் மாறுகிறது.

"அப்படியானால் கூலன்ட் வெட்டும் இடத்தைக் குளிர்விக்கவே இல்லையா?" என்று கேட்பீர்கள். வெட்டும் அந்த நுனியில் சிப்பும் டூலும் பயங்கர அழுத்தத்தில் ஒட்டிக் கிடக்கின்றன. திரவம் நுழைய அங்கே இடமில்லை, பக்கத்தில் போனதும் ஆவியாகிவிடும். ஆக, டூல் வெட்டும்போது கூலன்ட்டால் பெரிய பயன் இல்லை. வெட்டாமல் காற்றில் சுற்றி வரும்போதுதான் அது முழுக்க நனைகிறது. சூட்டின் உச்சம் அப்படியே இருக்கும், குளிர்ச்சி மட்டும் இன்னும் கீழே இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அகலமாவதுதான் கார்பைடைக் கொல்கிறது. உலர்வாக ஓட்டினால் டூல் சராசரியாக அதிகச் சூட்டில்தான் இருக்கும். ஆனால் ஏற்ற இறக்கம் குறைவு. அந்தச் சூடு அதற்குப் பழக்கப்பட்டது.

ஃபோர்மேன் சொல்வது வெறும் பிடிவாதம் இல்லை. அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேலான அனுபவம் இருக்கிறது. 1880களில் அமெரிக்காவில் டெய்லர் என்ற பொறியாளர், வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினால் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாம் என்று சோதித்துக் காட்டினார். உலகம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட் குழாய் வந்ததற்கு அந்தச் சோதனையும் ஒரு காரணம். ஆனால் அவர் செய்தது டூல் விடாமல் தொடர்ந்து வெட்டுகிற வேலை. டூலும் அந்தக் காலத்து டூல் ஸ்டீல், கொஞ்சம் சூடேறினாலே மெத்தென்று ஆகிவிடும். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) வந்த பிறகும் கதை அதேதான். 600 டிகிரியை நெருங்கினால் அதன் கடினம் போய்விடும். அதனால் ஹெச்எஸ்எஸ் கட்டருக்கு உங்கள் ஃபோர்மேன் சொல்வதை அட்சரம் பிசகாமல் கேளுங்கள். கோட்டிங் போட்ட கார்பைடு வேறு ஜாதி. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் என்றால், சூட்டில் அதன் மேல் மெல்லிய அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகி அதுவே கவசமாகிறது. 800 டிகிரி வரை சளைக்காது. சூட்டில் வேலை செய்வதற்காகவே போட்ட கோட்டிங்கை நனைத்துக்கொண்டே ஓட்டினால் காசு கொடுத்து வாங்கிய குணம் வெளியே வராது.

நீலச் சிப்பைப் பார்த்துப் பயந்தீர்கள், அது நல்ல அறிகுறி தம்பி! ஸ்டீல் 300 டிகிரி அருகே காற்றுப் பட்டால் நீலமாகும். அதாவது சூடு சிப்போடு போகிறது. வெட்டில் பிறக்கிற சூட்டின் பெரும்பகுதியைச் சிப்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், டூலும் ஜாப்பும் மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். சிப் நீலம், ஜாப் கையால் தொடும் சூடு, இப்படி இருந்தால் கார்பைடில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். சிப் வெள்ளையாக இருந்து ஜாப் தொட முடியாமல் கொதித்தால்தான் கவலைப்பட வேண்டும். ஃபீட் குறைவாக இருந்தால் அப்படி ஆகும். பல் வெட்டாமல் தேய்க்கும், சிப் மெலிந்துவிடும், சூட்டைச் சுமக்க அதற்கு உடம்பு போதாது. உங்கள் ஃபீட் பல்லுக்கு 0.15 வருகிறது. அதைக் குறைக்காதீர்கள். ஹெச்எஸ்எஸ்ஸில் நீலச் சிப் வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். அங்கே வைக்கோல் நிறம்தான் எல்லை.

பாக்கெட்டுக்கு வருவோம். மூலை உடைவது அநேகமாக வெப்ப விரிசலால் இல்லை, சிப்பை மறுபடி வெட்டுவதால். 25 மி.மீ. குழியில் விழுந்த சிப்புக்கு வெளியேற வழியில்லை. வெட்டுப்பட்ட சிப் அசல் பிளாக்கை விடக் கடினமாகிக் கிடக்கும். கூலன்ட் குழியை நிரப்பிவிடுகிறது, சிப் அதில் மிதந்து சுற்றி மறுபடி பல்லுக்கு அடியில் வருகிறது. ஒருமுறை பாதியில் ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டுக் குழியின் தரையில் விரலால் தடவாமல் ஒரு காந்தக் குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். சிப்பின் நடுவில் நசுங்கிய வெட்டு இருக்கும், இரண்டு முறை வெட்டுப்பட்ட சிப் அது. காற்று இந்த இடத்தில்தான் சம்பளம் வாங்குகிறது. குளிர்விப்பது அதன் வேலை இல்லை, கூட்டிப் பெருக்குவதுதான்.

நாசிலை மேலிருந்து சாய்வாக, டூலோடு ஒட்டிக் குழிக்குள் பார்த்து வையுங்கள். டூல் ஹோல்டரில் படுகிற காற்று வீண். நாசில் முனை டூலிலிருந்து 40, 50 மி.மீ. தள்ளி இருந்தால் போதும். டூல் போகப்போகிற பாதைக்குச் சிப்பைத் தள்ளாமல், வெட்டி முடித்த பக்கத்துக்குத் தள்ளுகிற மாதிரி திருப்புங்கள். முழு அகலத்தில் பள்ளம் போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு பல்லும் பாதிச் சுற்று ஸ்டீலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பதில் ஆழத்தை அதிகமாக வைத்துப் பக்கவாட்டில் 1 மி.மீ. மட்டும் எடுங்கள். ஒரு பல் சுற்றில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் வெட்டும், மீதி நேரம் காற்றில் ஆறிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. கூலன்ட் விடுவதென்றால் நிற்காமல் முழுக்க விடுங்கள். சிப் குவிந்து ஒரு பக்கம் மறைக்க, விட்டு விட்டுத் தெளிக்கிற கூலன்ட்டை விட முழுக்க உலர்வாக ஓட்டுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது பதில்

மேலே சொன்னது ரஃபிங்குக்கு (முதலில் மொத்தமாக வெட்டி எடுப்பதற்கு) சரி. ஆனால் "ஸ்டீல் என்றால் காற்று" என்று ஒரேயடியாக முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த நம்பிக்கையில் நான் ஒரு ஜாப்பை இழந்திருக்கிறேன்.

180 மி.மீ. இடைவெளியில் இரண்டு டவல் ஓட்டை (ஜோடிப் பாகத்தைப் பொருத்தும் பின்னுக்கான ஓட்டை). உலர்வாக ரஃப் செய்து முடித்த கையோடு, அதே செட்டிங்கில் ஓட்டை போட்டு ரீம் செய்தேன் (ஓட்டையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன்). மெஷினில் வைத்தே இண்டிகேட்டரால் பார்த்தபோது எல்லாம் சரி. மறுநாள் காலையில் அளந்தால் இடைவெளி 0.02 மி.மீ. குறைவு. ஜோடிப் பாகம் உட்காரவே இல்லை. கணக்குப் போட்டால் புரிகிறது: ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 11 முதல் 12 மைக்ரான் வரை நீளும். ஜாப் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 180 மி.மீ.க்கு 0.02 வந்துவிடும். கையில் தொட்டால் இளஞ்சூடுதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதிலிருந்து ரஃபிங் முடிந்ததும் ஆறவிட்டு, கிளாம்பைத் தளர்த்தி மறுபடி இறுக்கி, பிறகுதான் ஃபினிஷ். அளவு நெருக்கமாக இருந்தால் ஃபினிஷ் பாஸுக்குக் கூலன்ட் திறந்துவிடுகிறேன். 0.2 எடுக்கிற வெட்டில் சூடு குறைவு, விரிசல் பயமும் அந்த அளவுக்குக் குறைவு.

ட்ரில், டேப், ரீமர் மூன்றுக்கும் கூலன்ட் அவசியம். டேப்புக்கு வெட்டு எண்ணெய் இன்னும் நல்லது. ஓட்டைக்குள் டூல் வெளியே வந்து ஆறுவதில்லை, சிப்பும் வழுக்கிக்கொண்டு மேலே வர வேண்டும்.

மைல்ட் ஸ்டீலில் வேகம் குறைந்தால் முனையில் உலோகம் ஒட்டிக்கொண்டு முகம் கிழிந்த மாதிரி வரும். வேகத்தைக் கூட்ட முடியாத மெஷினில் கூலன்ட்டின் வழுக்கல் உதவும். 304, 316 மாதிரி ஸ்டெயின்லெஸ் வந்தால் இந்த விவாதத்தை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். சாதாரண கார்பன் ஸ்டீல் கடத்துகிற சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அது கடத்தும். சூடு முனையிலேயே தங்கிவிடும், டூலிலும் ஒட்டும். ஃபினிஷில் நான் எப்போதும் கூலன்ட்தான்.

கலவை பலவீனமாக இருந்தாலும் கூலன்ட் மேல் வீண் பழி வரும். ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அடர்த்தி காட்டும் கருவி) பார்த்தீர்களா? எங்கள் தொட்டியில் ஒருமுறை 3 சதவீதம்தான் இருந்தது, வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றி. அதை 7க்குக் கொண்டுவந்ததும் ட்ரில் ஆயுள் கண்கூடாகக் கூடியது. கருவி காட்டும் எண்ணை அந்த எண்ணெய்க்குரிய பெருக்கியால் பெருக்க வேண்டும், மறக்காதீர்கள். கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்றுங்கள், எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் சரியாகக் கலக்காது.

மூன்றாவது பதில்

நான் மெயின்டனன்ஸ் ஆள். வெட்டும் விஷயம் இருவரும் சொல்லிவிட்டார்கள். காற்றைத் திறக்கும் முன் இதையும் பாருங்கள்.

3 மி.மீ. நாசில் 6 பாரில் விடாமல் திறந்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் காற்று குடிக்கும். உங்கள் கம்ப்ரஸருக்கு அந்தத் தெம்பு இல்லையென்றால் லைன் அழுத்தம் இறங்கும். டூல் சேஞ்சரும் கிளாம்பும் அதே லைனில் இருந்தால் நடு வேலையில் அலாரம் வரும். 2 மி.மீ. நாசில் போட்டால் குடிப்பது பாதிக்கும் கீழே போய்விடும், பாக்கெட்டுக்கு அதுவே போதும். லைனில் வடிகட்டியும் நீர் பிரிப்பானும் இருக்கட்டும், தினமும் வடித்துவிடுங்கள். இல்லையென்றால் உலர்வாக ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சூடான கார்பைடில் நீர்த்துளி தெளித்துக்கொண்டிருப்பீர்கள்.

சிப் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். கூலன்ட் ஓடும்போது அது கழுவிக்கொண்டு கன்வேயருக்குப் போகும். காற்றில் அப்படி இல்லை, ஸ்லைடை மூடுகிற டெலஸ்கோபிக் கவரின் வைப்பர் (துடைக்கும் ரப்பர்) ஓரத்தில் பொடிச் சிப் குவியும். அதைக் காற்றுத் துப்பாக்கியால் ஊதவே ஊதாதீர்கள். வைப்பருக்கு அடியில் நுழைந்தால் ஸ்லைடு கோடு விழும், அந்தக் காயம் ஆறாது. பிரஷ்ஷால் கூட்டுங்கள். சூடான சிப் ஒரே இடத்தில் மலையாகக் குவிந்தால் டேபிளும் சூடாகும், அதனால் ஷிஃப்டுக்கு இரண்டு முறையாவது அள்ளிவிடுங்கள்.

கதவு மூடித்தான் ஓட்ட வேண்டும், கண்ணாடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும். காற்று தள்ளுகிற சிப் நேராக முகத்துக்கு வரும். என் கூட வேலை செய்தவர் ஒருவர் கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தார். நீலச் சிப் ஒன்று சட்டைக் காலருக்குள் விழுந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்றும் இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால்?

சிலர் நடுவழியாக எண்ணெய்த் துளியைக் காற்றோடு சேர்த்துத் தெளிப்பார்கள். மணிக்கு 50 மில்லிக்கும் குறைவாகவே செலவாகும், நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் அளவு கூடினால் புகைமூட்டமாகும், அதை நீங்கள்தான் மூச்சில் இழுக்க வேண்டும். உறிஞ்சும் வசதி இல்லாத மெஷினில் நான் அதைப் பொருத்திக் கொடுப்பதில்லை.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஃபோர்மேனிடம் விரிசல் விழுந்த இன்சர்ட்டையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, ஒரு முனையை உலர்வாக ஓட்டிப் பார், பக்கத்தில் நான் நிற்கிறேன்" என்றார்.

அதே வேகம், அதே ஃபீட், காற்று மட்டும். 14 பிளாக் ஓடியது. கழற்றிப் பார்த்தால் விரிசல் ஒன்றுகூட இல்லை. முனை நெடுகச் சீராக ஒரு மெல்லிய தேய்மானப் பட்டை, அவ்வளவுதான். சிப் நீலம், பிளாக் கையில் பிடிக்கும் சூடு. ஃபோர்மேன் சிப்பை ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொண்டார்.

பாக்கெட்டில் காந்தக் குச்சி விட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நசுங்கிய சிப் நிறையவே வந்தது. 2 மி.மீ. நாசில் போட்டு, பக்கவாட்டில் 1 மி.மீ. வைத்து ஓட்டினேன். மூன்று பிளாக் முடிந்தது, மூலை அப்படியே இருக்கிறது. ஒரே குறை, தரையில் அங்கங்கே சிறு கீறல். ரஃபிங் முடிந்ததும் அதே டூலில் கூலன்ட்டைத் திறந்து தரையை ஃபினிஷ் செய்துவிடலாமா?

முதல் பதில் எழுதியவர்

14 பிளாக் கேட்டதும் மனம் நிறைந்தது தம்பி. ஃபோர்மேன் பக்கத்தில் நின்றார் என்பது அதைவிட.

அதே டூலில் வேண்டாம். சூடாக இருக்கிற எண்ட்மில் மேல் கூலன்ட்டைத் திறந்தால் ஃபேஸ் மில்லில் தப்பித்த விரிசலை இங்கே நாமே கூப்பிட்ட மாதிரி ஆகும். ரஃபிங்கில் தேய்ந்த மூலை தரையை நன்றாக எடுக்கவும் எடுக்காது. தரையில் 0.2 விட்டுவிடுங்கள். ரஃபிங் முடிந்ததும் டூலை மேலே தூக்கி, ஸ்பிண்டில் நின்ற பிறகு ப்ரோகிராமில் ஒரு நிறுத்தம் வைத்து, குழியில் ஒரு சிப் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். அந்தக் கீறல் பெரும்பாலும் மூலையில் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு சிப்பின் வேலை. அப்புறம் ஃபினிஷுக்கென்று தனியாக ஒரு எண்ட்மில். அதற்கு எம்08 (கூலன்ட்டைத் திறக்கும் கோடு) கொடுத்து, வெட்டுக்குள் நுழையும் முன்பே கூலன்ட் ஓட ஆரம்பிக்கட்டும், டூல் வெளியே வந்த பிறகு எம்09 (மூடும் கோடு). காற்றுக்கான எம் கோடு மெஷினுக்கு மெஷின் மாறும். உங்கள் மெஷினின் கையேட்டில் பார்த்து ப்ரோகிராமிலேயே எழுதிவிடுங்கள். கையால் திறந்து மூடினால் ஒருநாள் இரண்டும் ஒன்றாக ஓடும்.